டைப் 1 பிள்ளைகளுக்கு சர்க்கரை சென்சாரை அரசே தர வேண்டும்: காரைக்கால் உறுப்பினர் கூட்டத்தில் மாவட்டச் செயலாளர் உரை



சர்க்கரை இல்லாத வீடு காட்டுங்கன்னு நம்ம ஊர்ல வேடிக்கையாகச் சொல்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. பெரியவர்களில் சர்க்கரை நோய் அதிகம் உள்ள மாநிலங்களில் கோவா முதலிடம், 26.4 சதவீதம். அடுத்தது யார்? நம்ம புதுச்சேரி, 26.3. நாலு பேரில் ஒருத்தருக்கு மேல!

இன்று நான் பேச வந்தது மேல்கையில் ஒட்டுகிற ஒரு சின்ன வில்லையைப் பற்றி. மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் இருக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையை அளந்து செல்போனில் காட்டும். விரலைக் குத்தினால் அந்த நேரத்துக் கணக்கு மட்டும்தான். இது ஏறுதா இறங்குதான்னும் சொல்லும், ரொம்ப இறங்கினால் அலாரம் அடிக்கும்.

அந்த அலாரத்தின் அருமை டைப் 1 பிள்ளையைப் பெற்ற தாய்க்குத்தான் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, பிள்ளைக்கு வியர்த்திருக்கான்னு தொட்டுப் பார்ப்பாங்க. தூக்கத்தில் சுகர் இறங்கினால் வலிப்பு வரும், நினைவு தப்பும், உயிருக்கே ஆபத்து.

ஒரு வில்லை 14 நாள்தான், பிறகு தூக்கிப் போடணும். வருஷத்துக்கு 26 வேணும், ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய். கிளிஞ்சல்மேட்டில் கடலுக்குப் போகிறவரும் திருநள்ளாறு பக்கம் நடவு நடுகிற அம்மாவும் இதை எப்படி வாங்குவாங்க?

எல்லாருக்கும் ஒட்டுங்கன்னு கேட்கலை. மாத்திரையில் கட்டுப்படுகிறவர்களுக்கு மூன்று மாதச் சோதனையே பெரும்பாலும் போதும். விளம்பரம் பார்த்து, நோயே இல்லாதவங்க ஒட்டிக்கிறது வேற கதை! நாம் கேட்பது டைப் 1 பிள்ளைகளுக்கு, இன்சுலின் போடுகிற கர்ப்பிணிகளுக்கு, அடிக்கடி சுகர் இறங்கி மயங்குகிறவர்களுக்கு. இங்கிலாந்தில் டைப் 1 உள்ள அனைவருக்கும் இதை அளிக்கச் சொல்லி 2022-லேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது.

இதற்காகப் புதுச்சேரிக்கு 130 கிலோமீட்டர் பஸ் ஏற முடியாது. காரைக்கால் அரசு பொது மருத்துவமனையிலேயே கொடுக்கணும், பார்க்கவும் சொல்லித்தரணும். பயன்படுத்தியதைத் திரும்ப வாங்கவும் பெட்டி வைக்கணும். ஒட்டுகிற கருவிக்குள் ஊசி இருக்கு. குப்பையில் போட்டால் துப்புரவுத் தொழிலாளி கையில் குத்தும்.

இதை மனுவாகத் தரப் போகிறோம். இன்சுலின் போடுகிற பிள்ளைகள் உள்ள வீட்டார், நம்ம தொகுதிப் பொறுப்பாளர்கிட்ட பெயர் கொடுத்துட்டுப் போங்க.

#காரைக்கால் #மக்கள்நலம்