வீட்டுப் பஞ்சமும் பிறப்புப் பாத்தியதையும்



பட்டணங்களில் ஏழைகளுக்குக் குடியிருக்க வீடில்லாத கஷ்டத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இதற்குக் காரணம் என்னவென்றால், "ஜனங்கள் பெருத்துவிட்டார்கள், பூமி வளரவில்லை, என்ன செய்வது?" என்று சொல்லிவிடுகிறார்கள். தலைவிதி என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பூமி வளராது என்பது வாஸ்தவம். ஆனால், இருக்கிற பூமியை யாருக்கு ஒதுக்குவது என்பதை மனிதன்தானே தீர்மானிக்கிறான்? இதற்கு ஹாங்காங் நல்ல உதாரணமாகும்.

ஹாங்காங்கின் பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை சுமார் 75 லட்சம். மலையும் காடும் அதிகம். பாதுகாக்கப்பட்ட வனப் பூங்காக்கள் மாத்திரம் சுமார் 40 சதவிகிதம். ஜனங்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் நிலமோ சுமார் 7 சதவிகிதந்தான். ஒரே வீட்டைப் பல துண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்ட அறைகளில், 2021ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வசித்தார்கள். அங்கே ஆளுக்கு நடுமட்டமாகக் கிடைத்தது 6 சதுர மீட்டர், அதாவது சுமார் 65 சதுர அடி. சர்க்கார் வீட்டுக்கு மனுச் செய்தவர்களோ வருஷக்கணக்காகக் காத்துக்கிடக்கிறார்கள்.

இனி மற்றொரு பக்கத்தைப் பாருங்கள்! 1898இல் பிரிட்டிஷார், நியூ டெரிட்டரீஸ் என்னும் வடக்குப் பிரதேசத்தைச் சீனாவிடம் 99 வருஷக் குத்தகைக்கு வாங்கினார்கள். 1972இல் சர்க்கார் ஒரு விதி செய்தது. 1898இல் அங்கிருந்த கிராமத்தார்களுக்கு ஆண் வழியில் பிறந்த ஆண் பிள்ளை, 18 வயதானால், தன் ஆயுளில் ஒரு முறை ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம். தளத்துக்கு 700 சதுர அடியாக மூன்று தளம். சொந்த நிலமானால் சர்க்காருக்குப் பிரீமியம் கட்டாமலும், சர்க்கார் நிலமானால் சலுகை விலைக்கும் இது கிடைக்கும்.

தோழர்களே! 2,100 சதுர அடி என்பது அந்தத் தடுப்பறைக் கணக்குப்படி முப்பது பேருக்கு மேல் குடியிருக்கும் இடம். அதை அடைய ஒருவனுக்கு வேண்டிய யோக்கியதை என்ன? வறுமையா? உழைப்பா? இரண்டுமில்லை. இன்னார் வயிற்றில் ஆணாகப் பிறந்ததே யோக்கியதை! அதே தாய் வயிற்றில் பிறந்த பெண்ணுக்கு அது இல்லை. அப்பிரதேசத்துக் கிராம நிலத்தில் வார்சு பாத்தியதைகூடப் பெண்களுக்கு 1994இல்தான் சட்டமாயிற்று. அதற்கும் கிராமத் தலைவர்கள் பலமாக எதிர்ப்புச் செய்தார்கள்.

"இது எங்கள் பூர்வீக வழக்கம்" என்கிறார்கள். 1972இல் பிறந்த விதி எப்படிப் பூர்வீகமாகும்? ஆனால் 2021இல் அந்நாட்டு மேல்கோர்ட்டும் அது செல்லும் என்றே தீர்ப்புச் சொல்லிற்று. அரசியல் சட்டத்தில் பரம்பரைப் பாத்தியதைகளுக்குக் காப்பு இருப்பதே காரணம். சட்டத்துக்குச் சரியாவதெல்லாம் நியாயமாகிவிடுமா?

கிராமத்தார் எல்லோரும் பணக்காரர் என்று நாம் சொல்லவில்லை. வீடில்லாத கிராமத்தானுக்கும் வீடு வேண்டியதுதான். அதை வீடில்லை என்பதற்காகக் கொடுக்கட்டும். பிறப்புக்காக ஏன் கொடுக்க வேண்டும்? இந்தப் பாத்தியதையைக் கட்டட வியாபாரிகளுக்கு விற்றுப் பணமாக்கும் வழக்கமும் ஏற்பட்டதே, அது யார் குடியிருப்பதற்கு?

இத்தகைய கிராம வட்டாரங்களில், யாருக்கும் குத்தகைக்கு விடாத சர்க்கார் நிலமே 900 ஹெக்டேருக்கு மேல் உண்டென்று 2012இல் கணக்கு வெளியாயிற்று. அதில் சந்தும் சரிவும் சேர்ந்திருப்பதால் எல்லாம் உதவாது. என்றாலும் அதைக் கேட்பதற்குத் தைரியமில்லாத சர்க்கார், கடலைத் தூர்க்கத் துணிந்தது! 2018இல் 1,700 ஹெக்டேர் வரை தூர்க்கப்போவதாக அறிவித்தது. அதில் முதல் 1,000 ஹெக்டேருக்கும் அதன் பாதைகளுக்கும் 2019இல் போட்ட மதிப்பு 62,400 கோடி ஹாங்காங் டாலர். கடலைத் தூர்க்கவே கூடாதென்பது நம் கட்சியல்ல. மீனுக்கு வோட்டில்லை, கிராமத் தலைவருக்குச் செல்வாக்குண்டு என்பதற்காகத் தூர்ப்பது தகுமா என்றே கேட்கிறோம்.

ஆகவே தோழர்களே, எந்த நகரத்திலானாலும் "இடமில்லை" என்று ஒருவர் சொன்னால், உடனே நம்பிவிடாதீர்கள். "யாருக்கு இடமில்லை? யாருக்கு ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்? என்ன காரணத்துக்காக?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் வந்த பிறகு, பூமி போதுமா போதாதா என்று பேசலாம்.