பூவும் பொழுதும்



தொடர்மாடியில் வாழ்வோருக்கு முற்றம் என்பது யன்னலோரத்து ஒரு பெட்டி மண்தான். அந்த மண்ணில் எந்தப் பூவை வைப்பது என்பது சிறிய கேள்வியன்று.

கொழும்பிலே மூன்றாம் மாடியில் நாங்கள் குடியேறியபோது, கடையில் கண்ட நிறத்துக்கு மயங்கிப் பத்துமணிப்பூக் கன்றுகளை வாங்கிக் கிழக்கு யன்னலில் வைத்தேன். காலை ஆறரைக்கு நான் புறப்படும்போது அவை மொட்டு. மாலை வகுப்புகளும் முடித்துத் திரும்பும்போது சுருண்டு கிடக்கும். சனி, ஞாயிறும் வகுப்புத்தான். இரண்டு கிழமையாக ஒரு பூவையும் நான் காணவில்லை.

"இது பூக்காத சாதி, பிடுங்கி எறிய வேணும்" என்றேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மா சொன்னார்: "பிடுங்கிப் போடாதை தம்பி. நீ காணேல்லை எண்டால் பூக்கேல்லையே? பகலிலை இந்த வீட்டிலை என்னோடை இருக்கிறது அதுகள்தான்."

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். பூவைக் கருப்பொருளில் அடக்குவர் இலக்கண நூலார். முல்லைக்குச் சிறுபொழுது மாலை. ஆண்டுதோறும் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும் நான், என் யன்னலில் மட்டும் பொழுதைப் பாராமல் நிறத்தைப் பார்த்துவிட்டேன்.

ஆகவே, பூவைத் தெரியுமுன் இரண்டைக் கேளுங்கள். அந்த யன்னலில் வெயில் எப்போது விழும்? அந்த வேளையில் வீட்டில் இருப்பவர் யார்? பத்துமணிப்பூவுக்கு நல்ல வெயில் வேண்டும். மப்பு நாளில் அது சரியாக விரியாது. மாலையில் வீடு திரும்புவோருக்கு அந்திமந்தாரை உகந்தது. நான்கு மணிக்குப் பின் விரிந்து மணம் பரப்பும். அதன் வேர் கிழங்காகப் பருப்பதால் ஆழமான பெட்டி தேவை. நாள் முழுதும் பூ வேண்டுமாயின் நித்தியகல்யாணி, நம் ஊரிலே பட்டிப்பூ, இருக்கிறது. ஆனால் அது நச்சுச் செடி. குழந்தைகள் வாயில் வைக்கவிடக் கூடாது.

எந்தப் பூவாயினும் பெட்டியின் அடியில் துளை வேண்டும். கீழ்த்தட்டில் நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். 2017இல் மட்டும் இந்நாட்டில் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானதை மறந்துவிட முடியாது.

இப்போது எங்கள் யன்னலில் இரண்டு பெட்டிகள். பகற்பெட்டி அம்மாவுக்கு, அந்திப்பெட்டி எனக்கு. ஒரு போயா நாளிலே, பத்து மணியளவில், அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து அந்தப் பத்துமணிப்பூக்கள் விரிந்திருக்கக் கண்டேன். அந்த வீட்டில் அம்மாவோடு அவ்வளவு நேரம் நான் இருந்ததும் அன்றுதான் முதற்தடவை.