ஸ்டார்ட் ஆகாத பழைய யெஸ்டி

(கழக்கூட்டம் பகுதி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உபன்யாசமும் ஆரோக்கியக் குறிப்பும் கேட்டுப் பழகிய சபையில் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உண்டு. நம்மவர் வீடுகள் பலவற்றில் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டி ஒன்று பின்கட்டில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. பிள்ளைகள் பெங்களூர், மும்பை, நியூ ஜெர்சி என்று இருக்கிறார்கள். "அது ஸ்டார்ட் ஆகாது" என்ற ஒரு வார்த்தையோடு வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது. விற்பது தப்பென்று சொல்ல வரவில்லை. ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பதுதான் என் விண்ணப்பம்.

எங்கள் வீட்டில் இருப்பது 1979-ல் வாங்கிய யெஸ்டி 250. அப்பா பொன்முடிப் பக்கம் எஸ்டேட் கணக்கராக இருந்தார். மேல்நாடுகளில் காட்டுப்பாதைக்கென்றே 'டிரெயில்' மோட்டார் சைக்கிள் தனி ரகமாக உண்டு. அந்த நாளில் இங்கே அப்படி ஒன்று சுலபமாகக் கிடைக்காது. யெஸ்டியும் ராஜ்தூத்தும் புல்லட்டும்தான் தேயிலைத் தோட்டத்து மண்பாதையிலும் ஏறும், 22 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறும்.

செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா வண்டியை மைசூரில் 'ஐடியல் ஜாவா' கம்பெனி 1961 முதல் தயாரித்தது. எழுபதுகளில் அதற்கு யெஸ்டி என்று பெயர் வந்தது. 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2022-ல் வேறு கம்பெனி அதே பெயரில் புது வண்டிகளை வெளியிட்டது. அவற்றின் எஞ்சின் வேறு. அதனால் பழைய வண்டிக்காரர்கள் பழைய சாமான்களையும் பழைய மெக்கானிக்குகளையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

எங்கள் வண்டி பன்னிரண்டு வருஷம் நின்றிருந்தது. அடுத்த தெருவில் வொர்க்‌ஷாப் வைத்திருந்த வயதான மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். எல்லோரும் அவரை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் முதலில் சொன்னது இது: "சாரே, ஒரே நேரத்தில் ரெண்டு சாமானை மாத்தக் கூடாது. அப்புறம் எது சரியாச்சுன்னு தெரியாது." நாங்கள் வரிசையாகப் போனோம்.

முதலில் கிக்கரைத் தொடவில்லை. இந்த வண்டியில் கியர் லீவரையே உள்ளே அழுத்தித் திருப்பினால் அதுவே கிக்கர். நாளாக நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் துருவில் பிடித்திருக்கும். பலமாக மிதித்தால் உடையும். ப்ளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊற வைத்தோம். பிறகு மெதுவாகச் சுற்றியது. ப்ளக் துவாரத்தைக் கட்டைவிரலால் மூடிச் சுற்றினபோது விரலைத் தள்ளியது. கம்ப்ரெஷன் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, பொறி. இந்த மாடலில் 6 வோல்ட் பாட்டரி செத்தால் ப்ளக்கில் பொறியே வராது. புது பாட்டரி போட்டும் மங்கலான மஞ்சள் பொறிதான் வந்தது. கழக்கூட்டத்தில் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. இடவப்பாதி, துலாவர்ஷம் என்று வருஷத்தில் இரண்டு மழைக்காலம். பாயிண்ட் பூத்துப் போயிருந்தது. தேய்த்துச் சுத்தம் செய்து இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் வைத்ததும் நீலப் பொறி வந்தது.

மூன்றாவது, பெட்ரோல். பழைய பெட்ரோல் காய்ந்து கார்புரேட்டர் ஜெட்டில் பிசின் போல அடைத்திருந்தது. கம்பி விட்டுக் குத்தினால் ஜெட் துவாரம் பெரிதாகிவிடும். ஊற வைத்துக் காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். டேங்கின் உள்துருவையும் எடுத்தோம். லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து புதுப் பெட்ரோல் விட்டோம்.

பொறி உண்டு, பெட்ரோல் உண்டு, கம்ப்ரெஷன் உண்டு. ஆனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பலர் கைவிடும் இடம் இதுதான். புது கார்புரேட்டர், புது காயில் என்று பணத்தைக் கொட்டுவதும் இங்கேதான்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் அறையும் ஒரு பம்ப் மாதிரி. பிஸ்டன் மேலே போகும்போது அந்த அறைதான் பெட்ரோலும் காற்றும் கலந்ததை உறிஞ்ச வேண்டும். கிராங்க் தண்டின் இரு பக்கமும் உள்ள ரப்பர் ஆயில் சீல் காய்ந்துவிட்டால் வெளிக்காற்று புகுந்துவிடும். உறிஞ்சும் சக்தி போய்விடும். ஆசான் பிஸ்டனைக் கீழே இறக்கி, கார்புரேட்டர் வாயையும் இரண்டு சைலன்ஸர் வாய்களையும் ரப்பரால் அடைத்தார். ப்ளக் துவாரம் வழியாக சைக்கிள் பம்பால் மெள்ளக் காற்றடித்தார். டைனமோ பக்கத்து சீலில் சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழ் குமிழாக வந்தது. எஞ்சினை இறக்கி இரண்டு சீலையும் மாற்றினோம். மூன்றாவது உதையில் வண்டி பேசியது. அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரைக் கெடுக்கும். அதனால் ட்யூபையும் டாப் வாஷரையும் புதிதாகப் போடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டுவதில்லை என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்து வையுங்கள்.

வெளியூர் அன்பர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வண்டி ஓடினாலும் காகிதம் ஓட வேண்டும். உரிமையாளர் காலமானால் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். கூடப் பிறந்தவர்கள் நாலு ஊரில் இருந்தால் கையெழுத்து வாங்குவதே பெரும்பாடு. பெரியவர்கள் இருக்கும்போதே ஆர்.சி.யில் நாமினி பெயரைச் சேர்க்க 2021 முதல் வசதி இருக்கிறது. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 50 வருஷம் தாண்டினால் 2021 விதிகளின்படி 'விண்டேஜ்' பதிவு கிடைக்கும். ஆனால் அதைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்ட முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சைக்கிள் பம்பை வைத்து சீலைச் சோதிக்கும் வித்தையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பாடசாலையில் சந்தை சொல்லிக் கற்பது போல, பக்கத்தில் நின்று கேட்டும் பார்த்தும் வருவது அது. ஆசானுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, கடையையும் மூடிவிட்டார். பின்கட்டில் வண்டி வைத்திருப்பவர்கள் உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்தால் இந்த வருஷமே அவரைக் கூப்பிடுங்கள். கூட நிற்க உங்கள் வீட்டுப் பையனையோ பெண்ணையோ ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அனுப்புங்கள்.