கடலடி மலைகளும் உள்ளலைகளும்



கோலார் தங்கவயலில் ஆழத்தே பாறை வெடித்தால், மேலே குடியிருப்புகளின் சுவர்கள் அதிர்ந்ததுண்டு. 2001ஆம் ஆண்டில் மூடப்பட்ட அச்சுரங்கங்களில், மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி உழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு நிலத்தின் ஆழம் பழக்கமானதே. கடலின் ஆழமோ வேறு இயல்பினது. உள்ளே பனைமர உயரத்துக்கும் மேற்பட்ட அலை எழுந்தாலும், மேற்பரப்பின் மட்டம் பெரிதும் மாறுவதில்லை. அதன் காரணத்தை இன்று ஆராய்வோம்.

கடல்நீர் ஒரே சீரானதன்று. வெயிலில் காய்ந்த இலேசான நீர் மேலும், குளிர்ந்து கனத்த நீர் கீழுமாக அடுக்கடுக்காய்த் தங்கியுள்ளது. கண்ணாடிப் புட்டியொன்றில் பாதி நீரும் பாதி நல்லெண்ணெயும் ஊற்றி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். இரண்டும் சந்திக்குமிடத்தில் பேரலை ஒன்று சோம்பலாய் அசையும். இரண்டின் எடையிலும் வேறுபாடு சிறிதே. ஆதலால் சிறு விசையும் அங்கே பெரிய அலையை எழுப்பிவிடுகிறது. கடலடுக்குகளில் அவ்வேறுபாடு இன்னும் சிறிது.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் கடலடி மலைத்தொடர் ஒன்றின் சிகரங்களே. கடல் ஏற்றவற்றத்தின் நீரோட்டம் நாள்தோறும் இம்மலைகளைக் கடந்து போய்வருகிறது. அப்போது கனத்த நீர் முகட்டின்மேல் ஏறி மறுசரிவில் வழிந்திறங்க, அடுக்குகளின் எல்லையில் பள்ளம் ஒன்று விழுகிறது. ஓட்டம் தணிந்தவுடன் அப்பள்ளம் மலையை விட்டு நீங்கி, வரிசையான அலைகளாகப் பிரிந்து, கிழக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்கிறது. இவையே உள்ளலைகள். எண்ணெய்த் துரப்பணப் பணியை முன்னிட்டு அந்தமான் கடலில் இவற்றை அளந்த ஆஸ்பார்ன், பர்ச் என்னும் இருவர், 1980இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அலையின் உயரம் சுமார் 60 மீட்டர். மேலே தெரிந்தவையோ கொந்தளிக்கும் நீண்ட நீர்ப்பட்டைகளே.

இது வெறும் வேடிக்கையன்று. 2021 ஏப்ரலில் பாலித் தீவுக்கு வடக்கே, 53 பேருடன் நங்காலா என்னும் இந்தோனேசிய நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியது. உள்ளலை அதனைக் கீழே இழுத்திருக்கலாம் என்று அந்நாட்டுக் கடற்படை அதிகாரிகள் கருதினர். உயிரளிக்கும் வேலையையும் இவ்வலைகள் செய்கின்றன. 2010இல் கடல் வெப்பமுற்றுப் பவளங்கள் வெளிறியபோது, தாய்லாந்தின் சிமிலான் தீவுகளில் உள்ளலைகள் கொணர்ந்த குளிர்நீர் பட்ட பக்கத்துப் பவளங்கள் குறைவாகவே வாடின.

ஆகவே, கடலை அறிய விழைவோர் மேலே வீசும் காற்றை அளந்தால் மட்டும் போதாது. அடியில் மறைந்து கிடக்கும் மலையையும் அளந்தாக வேண்டும்.