கல்லூரி மனுவும் பத்துக் கட்டமும்



அமெரிக்காவில் கல்லூரிக்கு மனுப் போட இருக்கும் பிள்ளைகள், கடினமான பாடங்களையும் படித்துக்கொண்டு, விளையாட்டு, நாடகம், பொதுத்தொண்டு முதலிய பாடத்துக்குப் புறம்பான காரியங்களையும் எப்படிச் சமாளிப்பது என்பதைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். நான் கல்லூரியில் வாசித்தவனல்லன். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன். ஒப்புக்கொள்ளுவதும் தள்ளிவிடுவதும் உங்கள் இஷ்டம். நம்மவர் பிள்ளைகளும் அங்கே மனுப் போடுகிற காலம் இது; ஆகையால் சம்பந்தமில்லாத பேச்சென்று யாரும் எழுந்துபோக வேண்டியதில்லை.

நம் நாட்டில் பெரும்பாலும் பரீட்சை மார்க்கே கணக்கு. அங்கே அப்படியல்ல. மார்க்கும் வேண்டும், எவ்வளவு கடினமான பாடம் எடுத்தான் என்பதும் வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு வெளியே என்ன செய்தான் என்பதும் வேண்டும். கல்லூரித் தரத்துப் பாடங்களை உயர்தரப் பள்ளியிலேயே படிக்க 'ஏ.பி.' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. மே மாதம் பரீட்சை. 1 முதல் 5 வரை மதிப்பெண். பிறகு, ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகளுக்குப் பொதுவான 'காமன் ஆப்' என்னும் மனுவில், புறக்காரியங்களை எழுதப் பத்துக் கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு விவரம் 150 எழுத்துக்குமேல் போகக் கூடாது.

இந்தப் பத்துக் கட்டந்தான் பிள்ளைகளைப் பேயாய்ப் பிடித்து ஆட்டுகிறது. ஜோசியன் ஜாதகக் கட்டத்தில் கிரகங்களை உட்கார வைக்கிற மாதிரி, ஒன்றில் பியானோ, ஒன்றில் நீச்சல், ஒன்றில் தர்மம் என்று பெற்றோர் நிரப்பப் பார்க்கிறார்கள். கட்டம் இருந்தால் நிரப்பித்தான் ஆகவேண்டுமென்று யார் சொன்னது? பேர்பெற்ற எம்.ஐ.டி. நான்கு காரியங்களுக்குமேல் கேட்பதே இல்லையே!

இந்த வழக்கத்தின் வரலாற்றையும் கொஞ்சம் கேளுங்கள். ஹார்வர்டில் பரீட்சை எழுதி உள்ளே வந்த யூதப் பிள்ளைகள் 1922இல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலாகிவிட்டார்கள். தலைவர் லோவெல் இவர்களுக்கு ஓர் அளவு வைக்கப் பார்த்தார். பகிரங்கமாகச் செய்ய முடியவில்லை. 1926இல் என்ன செய்தார்கள்? மார்க்கு மட்டும் போதாது, 'குணம்' பார்க்கிறோம் என்றார்கள்! யூதர்களின் தொகை தானாகக் குறைந்துவிட்டது. முந்துகிறவனை நிறுத்தத் தராசையே மாற்றுகிற வித்தை நமக்கொன்றும் புதிதல்லவே. அதற்காக, இன்று பந்தாடுகிற பிள்ளையெல்லாம் அந்த அக்கிரமத்துக்கு உடந்தை என்று நான் சொல்லவில்லை. பந்தாடுவது உடம்புக்கு நல்லது, ஆடட்டும். ஆனால் 'குணம்' என்ற சரக்கை அளக்கப் படி கிடையாது என்பதையும், படி இல்லாத இடத்தில் பணக்காரன் புகுந்துவிடுவான் என்பதையும் மறக்க வேண்டாம். 2019இல் அது சந்தி சிரித்தது. தண்ணீர்ப்பந்து ஆடாத பையனை ஆடினதாகப் படம் ஒட்டிக் காட்டினார்கள். படகு வலிக்காத பெண்ணைப் படகுக்காரி ஆக்கினார்கள். இதற்குப் பெற்றோர் கொட்டிக்கொடுத்தது லக்ஷக்கணக்கான டாலர். தரகருக்கு 2023இல் மூன்றரை வருஷச் சிறை கிடைத்தது.

சரி, யோக்கியமாய் உழைக்கிற பிள்ளை என்ன செய்வது? கணக்குப் போடுங்கள். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுக்கு எட்டு முதல் பத்து மணி தூக்கம் வேண்டுமென்பது தூக்கத்தை ஆராய்ந்த வைத்தியர்களின் முடிவு. ஒன்பது என்று வையுங்கள். பள்ளிக்கூடம் ஏழு. சாப்பாடு, குளிப்பு, போக்குவரத்து மூன்று. மிச்சம் ஐந்து மணி. ஒரு ஏ.பி. பாடத்துக்கு வீட்டில் முக்கால் மணி என்றாலும், நான்கு பாடத்துக்கு மூன்று மணி போய்விடும். பாக்கி இரண்டில் ஒரு காரியம் செய்யலாம், மிஞ்சினால் இரண்டு. எட்டுப் பாடமும் பத்துக் காரியமும் என்றால் எங்கேயிருந்து வெட்டுவது? தூக்கத்திலிருந்துதான். பிள்ளைகள் தூங்கட்டுமென்று கலிபோர்னியா சர்க்கார் 2022 முதல் உயர்தரப் பள்ளிகளைக் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாதென்று சட்டமே அமுலாக்கிவிட்டது, தெரியுமா? இவ்வளவு வதைத்தும் 2024இல் ஹார்வர்டில் இடம் கிடைத்தது, மனுப்போட்ட நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவு.

ஹார்வர்டின் கல்விப் பகுதியாரே 2016இல் ஓர் அறிக்கை போட்டார்கள். காரியங்களின் எண்ணிக்கை முக்கியமல்ல, ஈடுபாடே முக்கியம், ஏ.பி.யை அளவுக்குமேல் சுமக்க வேண்டாம். குடும்பத்துக்குச் செய்கிற வேலையும் சேர்த்தி என்பது அதன் சாரம். காமன் ஆப்பில் கூலிவேலைக்கும் குடும்பப் பொறுப்புக்கும் தனித்தனி வகையே வைத்திருக்கிறார்கள். இது ஏழைப் பிள்ளைக்குத் தெரியாது. மாலையில் கடையில் நிற்கிறவன், 'எனக்கு எழுத ஒன்றுமில்லை' என்று கட்டத்தைக் காலியாய் விடுகிறான். பெண்பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். தம்பியைக் குளிப்பாட்டி, பாட்டிக்கு மருந்து கொடுத்து, பாத்திரமும் கழுவினபின் அவள் படிக்க உட்காருகிறாள். அண்ணன் பந்தாடப் போகிறான். அவன் செய்தது காரியம், இவள் செய்தது கடமை என்றால் இது என்ன நியாயம்? எழுதட்டும், வாரத்துக்கு இத்தனை மணி என்று எழுதட்டும். அதோடு, பாதி வேலையை அண்ணன் தலையிலும் போடுங்கள்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். தம் மகன் நான்கு வருஷமாய்ப் பறை கற்கிறானாம்; மனுவுக்காக அதை விட்டுவிட்டு விவாதச் சங்கம், மருத்துவமனைத் தொண்டு என்று நாலு காரியத்தில் சேர்க்கலாமா என்று கேட்கிறார். பிள்ளைக்கு விருப்பம் எதில் என்று அவர் எழுதவில்லை. முதலில் அவனைக் கேட்க வேண்டும். பறைதான் என்றால் பறையே அடிக்கட்டும். வாரத்துக்கு எத்தனை மணி, வருஷத்துக்கு எத்தனை வாரம் என்று மனுவிலேயே கேட்கிறார்கள். உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள்.