மீன்தொட்டிக்கு ஏற்ற அடிமணல்
(செர்காம் வட்டாரத் தோட்டமொன்றின் பொதுமண்டபத்தில் ஆற்றிய உரை)

 

இம்மண்டபத்தின் முன்புறத்தில் ஆறடி நீளமுள்ள கண்ணாடி மீன்தொட்டி ஒன்றை அமைக்க இத்தோட்டத்து இளைஞர்கள் எண்ணியிருக்கிறார்கள். தொட்டி கிடைத்துவிட்டது. வீடுதோறும் சென்று திரட்டிய பணமும் கையில் இருக்கிறது. விடியுமுன் எழுந்து, பால் மரத்தடியில் நின்று ஈட்டிய ஊதியத்திலிருந்து நீங்கள் மனமுவந்து கொடுத்த பணம் அது. “தொட்டியின் அடியில் எதை இடுவது? கடையில் விற்கும் வண்ணக் கற்களை வாங்கினால் பணம் முழுவதும் அதற்கே கரைந்துவிடுமே!” என்று அவர்கள் நம்மிடம் கவலையோடு கேட்டார்கள். சிக்கனத்தோடு கேட்கப்பட்ட அக்கேள்விக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். அதன் அடியில் இரண்டு அங்குல உயரத்திற்கு மணல் பரப்ப வேண்டுமானால் இரண்டு கன அடி மணல் தேவை. உலர்ந்த மணலின் எடையில் அது சுமார் 90 கிலோ ஆகும். இரண்டு கிலோ பொட்டலங்களாக வாங்கினால் 45 பொட்டலங்கள் வேண்டும்! 25 கிலோ மூட்டைகளாக வாங்கினால் நான்கு மூட்டைகள் போதும். கழுவும்போது வீணாவதற்கும் சிறிது மிச்சமிருக்கும். ஆகவே, எந்தக் கடைக்குச் சென்றாலும் “ஒரு பொட்டலம் என்ன விலை?” என்று கேளாதீர்கள்; “ஒரு கிலோ என்ன விலை?” என்று கேளுங்கள். அதனை 90ஆல் பெருக்கிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். சிறு தொட்டிக்கு அற்பமாகத் தோன்றும் விலை வேறுபாடு, பெருந்தொட்டியில் பெருந்தொகையாக வளர்ந்துவிடும்.

எடையைப் பற்றி மற்றொன்றும் சொல்லவேண்டும். இத்தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 680 லிட்டர் நீர் கொள்ளும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. மணலும் கண்ணாடியும் சேரும்போது மொத்த எடை முக்கால் டன்னைத் தாண்டும். பலகைத் தரையில் இதனை வைத்தல் கூடாது. சமமான சிமெண்டுத் தரையில், உறுதியான இரும்புத் தாங்கியின்மீது வைத்தல் வேண்டும்.

இனி, அடிமணல் எதற்காக? அழகுக்கு மட்டுமன்று. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்னும் நச்சுப் பொருள் உண்டாகிறது. மணல் துகள்களின்மீது ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அடியில் கிடக்கும் மண்ணின் தன்மை மேலே நிற்கும் நீரின் தன்மையையும் மாற்றவல்லது. மீன் வளர்ப்பை அறிவியல் முறையில் ஆராய்வதற்கென 1957ஆம் ஆண்டில் நம் மலாக்கா மாநிலத்துப் பத்து பெரண்டாமில் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. அமிலத் தன்மையுள்ள மண்ணில் வெட்டிய குளங்களில் உரமிட்டால் மீன் விளைச்சல் எவ்வாறு மாறுகிறது என்று அங்கே ஆராய்ந்தனர். குளத்திற்குப் பொருந்தும் உண்மை கண்ணாடித் தொட்டிக்கும் பொருந்தும்.

இதை நாம் நூல்களில் மட்டும் கற்கவில்லை; தவறு செய்தும் கற்றோம். பள்ளியில் நாம் பாடம் கற்பித்துவந்த காலத்தில், வகுப்பறைத் தொட்டிக்குச் செலவில்லாமல் மணல் வேண்டுமென்று கடற்கரையிலிருந்து அள்ளிவந்தோம். மாணவர்கள் சிப்பிகளையும் பவளத் துண்டுகளையும் பொறுக்கி வந்தார்கள். இருமுறை கழுவித் தொட்டியில் பரப்பினோம். பார்ப்பதற்கு மிக அழகாகவே இருந்தது. ஆனால் சில வாரங்களில் மீன்கள் நிறம் மங்கின, ஒவ்வொன்றாக இறந்தன. “ஐயா, நாங்கள் ஒருநாளும் தீனி போட மறக்கவில்லையே! ஏன் செத்தன?” என்று ஒரு சிறுமி கேட்டாள். அன்று நமக்கு விடை தெரியவில்லை.

விடை தொட்டியின் அடியிலேயே கிடந்தது. சிப்பியும் பவளமும் சுண்ணாம்புப் பொருள்கள். அவை மெல்லக் கரைந்து நீரின் காரத்தன்மையை உயர்த்துகின்றன. காரத்தன்மை உயர உயர, அதே அளவு அம்மோனியா பன்மடங்கு கொடியதாகிறது. கடல் மணலில் உப்பும் இருக்கும். செர்காம் கடற்கரை நமக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக அம்மணலை நன்னீர்த் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள்.

தோட்டத்து மண்ணைப் பயன்படுத்தலாமா என்றும் சிலர் கேட்டார்கள். செம்பொறைக் கற்கள் நிறைந்த நம் வட்டாரத்து மண்ணில் இரும்புச் சத்து உண்டு. நீர்ச்செடி வளர்ப்போர் இத்தகைய மண்ணைச் சிறிதளவு அடியில் இட்டு மேலே மணலால் மூடுவதுண்டு. ஆயினும், தீம்பாரிலும் அதன் கால்வாய்களிலும் புல் மருந்தும் உரமும் கலந்திருக்கக்கூடும். பாராகுவாட் மருந்து 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. எனினும் மருந்து தெளித்த மண் மீனுக்கு உகந்ததன்று. கலங்கிய நீர் தெளியவும் நெடுநாளாகும். ஆகவே, இதனைத் தவிர்ப்பதே நன்று.

அப்படியானால் எது ஏற்றது? கட்டடப் பொருள் கடையில் கிடைக்கும் கழுவிய ஆற்று மணலே ஏற்றது. நீச்சல் குளங்களின் வடிகட்டியில் இடும் சிலிக்கா மணலும் சிறந்தது. அது சலித்து ஒரே அளவாக்கப்பட்டு மூட்டையில் வருவதால் கழுவும் வேலை குறையும். இவ்விரண்டின் விலையையும் விசாரித்து, மலிவானதை வாங்குங்கள். அழுக்கு, நுண்மணலின் மேலேயே தங்குவதால் குழாய் வைத்து எளிதில் உறிஞ்சி எடுக்கலாம். பருங்கற்களின் இடுக்கில் தீனி சிக்கி அழுகும். தங்கமீன் வாயினால் அடியைக் கிளறும் இயல்புடையது. பட்டாணி அளவுக் கற்கள் அதன் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அடியில் மேயும் கெளுத்தி இனங்களின் மீசையைக் கூரிய கற்கள் புண்ணாக்கும். வண்ணக் கற்களில் தரம் குறைந்தவற்றின் சாயமும் நாளடைவில் உரியும்.

“ஆற்றிலேயே அள்ளிக்கொண்டால் செலவே இல்லையே!” என்று இளைஞர் சிலர் நினைக்கலாம். தேசிய நிலச் சட்டத்தின்படி மணலை அள்ளி எடுத்துச் செல்வதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அஃதின்றி எடுப்பது குற்றமாகும். ஐயமிருந்தால் ஜாசின் நில அலுவலகத்தில் கேட்டறியுங்கள். நான்கு மூட்டை மணலுக்காக வழக்கில் சிக்குவது சிக்கனமாகாது.

வாங்குமுன் ஒரு பிடி மணலைக் கேட்டுவாங்கிச் சோதியுங்கள். உலர்ந்த மணலைக் கண்ணாடிக் குவளையில் இட்டு, சமையலுக்கு வைத்திருக்கும் சூக்காவை அதன்மேல் ஊற்றுங்கள். நுரைத்துக் குமிழிகள் எழுந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, அது வேண்டாம். குமிழி எழாவிட்டால் வாங்கலாம். பாலை உறைய வைக்கும் ஆசிட்டும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அது தோலையும் கண்ணையும் புண்ணாக்கவல்லது. ஸ்டோரில் இருப்பது ஸ்டோரிலேயே இருக்கட்டும். இச்சோதனைக்குச் சூக்காவே போதும்.

மணலைக் கழுவுவதற்குத் தாய்மார்களின் கைப்பழக்கமே வழிகாட்டி. அரிசி களைவதைப்போல, வாளியில் கால் பாகம் மணலிட்டு, நீர் ஊற்றிக் கிளறி, கலங்கல் நீரை வடித்துவிடுங்கள். நீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சவர்க்காரம் சிறிதும் படக்கூடாது. பிறகு இரண்டு அங்குலத்திற்கு மிகாமல் பரப்புங்கள். ஆழம் மிகுந்தால் அடியில் காற்றுப் புகாமல் மணல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சுவாயு உண்டாகும். மணலின்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெல்ல நீர் ஊற்றினால் பள்ளம் விழாது.

நீர் நிரம்பியதும் மீன்களை விட்டுவிடாதீர்கள். குழாய் நீரின் குளோரின் அகல ஓரிரு நாள் காற்றுக்குழாயை ஓடவிடுங்கள். அதன்பின் இரண்டு மூன்று சிறுமீன்களை மட்டும் விட்டு, குறைந்த தீனியிட்டு, நீரை அடிக்கடி சிறிதளவு மாற்றிவாருங்கள். நல்ல நுண்ணுயிர்கள் மணலில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதன் பிறகே மற்ற மீன்கள் வரட்டும். துப்புரவு செய்யும் நாளில் மணல் முழுவதையும் வெளியே எடுத்துக் கழுவாதீர்கள். கழுவினால் அந்நுண்ணுயிர்களும் அழிந்துவிடும்.

அன்பர்களே! மீனுக்கு வண்ணக் கல் தேவையில்லை. தூய நீரே தேவை. நான்கு மூட்டை மணலோடு நின்றால், மிஞ்சும் பணத்தில் நல்ல வடிகட்டி ஒன்று வாங்கலாம். வேலை முடிந்து வந்து நீங்கள் அமரும்போதும், உங்கள் பிள்ளைகள் அருகில் நின்று வேடிக்கை பார்க்கும்போதும் அத்தொட்டியில் மீன்கள் உயிரோடு நீந்திக்கொண்டிருக்க வேண்டும். அன்று அச்சிறுமிக்கு நாம் சொல்ல இயலாமற்போன விடையை, இன்று உங்கள் முன் வைத்த மனநிறைவோடு விடைபெறுகிறோம்.