லயத்துப் பின்புறத்துத் தச்சன்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவிலே பேசும்படி எங்களைக் கேட்டபொழுது பெரிய பொருளொன்றை எடுத்துக்கொள்வோம் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். நாங்கள் எடுத்துக்கொண்டதோ மரங்கொத்திக் குருவி. “பல்கலைக்கழகம் வரை படிக்கப் போன பிள்ளைகள் குருவியைப் பற்றியா பேசுவது?” என்று பெரியவர்கள் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டும். இக்கதையிலே விறகும் வருகின்றது, அடுப்பும் வருகின்றது.

நல்லதண்ணி என்றவுடன் வெளியூரார் நினைப்பது சிவனொளிபாத மலையை. மார்கழிப் போயா தொடங்கி வைகாசிப் போயா வரையில் யாத்திரிகர் கூட்டமும், பஸ் வண்டிகளின் இரைச்சலும், கடைகளின் ஒலிபெருக்கியுமாக எங்கள் காதுகளுக்கு ஓய்வில்லை. ஆயினும் றோட்டை விட்டு இறங்கி, விடியற்காலையிலே பீலிக்கரைப் பக்கம் நின்று கேட்டால் வேறோர் ஓசை எழும். டக், டக் என்று இரண்டு தட்டு, சிறிது மௌனம், மறுபடியும் இரண்டு தட்டு. யாரோ கதவு தட்டுவதுபோல இருக்கும். தச்சன் குருவி என்று நம் முன்னோர் பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்!

நாங்கள் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். இங்கிலாந்துத் தோட்டத்து றொபின் குருவியைப் பற்றி ஆங்கிலப் பாட்டு மனனம் செய்தோம். எங்கள் லயத்துப் பின்புறத்திலே மரம் தட்டுவது இன்ன பறவை என்று சொல்லத் தெரியாதிருந்தோம். எங்களில் ஒருவர் கெட்டபோல் எடுத்து அதைக் குறிபார்த்தவர் என்பதையும் ஒளிக்காமற் சொல்லிவிடுகின்றோம். கல் தவறியது, அது கெட்டபோலின் குறையேயன்றி எங்கள் நற்குணமன்று. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இப்பறவைக்கும் காவல் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

எங்கள் கண்ணைத் திறந்தது ஒரு பழைய புத்தகம். ஜீ. எம். ஹென்றி என்பவர் இலங்கைப் பறவைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1955 இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் அது. படங்களையும் அவரே வரைந்திருக்கிறார். அவர் 1891 இல் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றிலே பிறந்தவர் என்று அறிந்தபோது எங்களுக்கு ஓர் உரிமை தோன்றிவிட்டது. அவர் பிறந்தது பங்களாவிலே, நாங்கள் பிறந்தது லயத்துக் காம்பராவிலே. இருந்தாலும் மரம் ஒன்றுதானே!

அந்நூலைப் புரட்டிக்கொண்டு பின்புறத்தை நோக்கினோம். சிட்டுக்குருவி அளவே உள்ள, தவிட்டு நிறமும் வெள்ளையும் கலந்த சின்ன மரங்கொத்தி ஒன்று மெல்லிய கிளைகளிலே தொற்றித் திரியும். பச்சை உடம்பும் பிடரியிலே மஞ்சட் கொண்டையும் உடையது இன்னொன்று. செம்பழுப்பு நிறத்தது வேறொன்று; இது மர எறும்பின் கூட்டையே குடைந்து அதற்குள் முட்டையிடும் துணிச்சற்காரப் பறவை.

வழக்கு வந்தது செம்முதுகுடையவை இரண்டைப் பற்றித்தான். இரண்டும் இலங்கைக்கே உரியவை; உலகில் வேறெங்கும் இல்லை. ஒன்றேதான் என்று சிலரும், இரண்டு சாதி என்று சிலரும் எங்களுக்குள்ளே ஒரு கிழமை வாதாடினோம். அலகைப் பார்த்தபின்புதான் வழக்குத் தீர்ந்தது. பெரியதற்கு அலகு யானைத் தந்தம்போல் வெளிறியது, கண்ணும் வெளிறியது; சிறியதற்கு அலகு கறுப்பு. இச்சிறியதன் உறவு யாழ்ப்பாணத்திலே இருக்கின்றது. அங்கே அதன் முதுகு பொன்னிறம். இரண்டும் ஒரே இனமென்றே நெடுங்காலம் பலர் கொண்டிருந்தனர். கொழும்புப் பல்கலைக்கழகத்தாரும் பங்குகொண்ட ஆய்வொன்று 2016 இல் வெளிவந்து, தோற்றத்தாலும் மரபணுவாலும் இவை வெவ்வேறு இனங்களே என்று காட்டியது. வடக்கும் தெற்கும் சந்திக்கும் இடைநிலத்திலே இரண்டும் கலந்து செம்மஞ்சள் முதுகோடு பிறக்கும் குஞ்சுகளும் உண்டு. அவற்றிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை.

இனி இதன் தொழிற்கருவிகளைப் பார்ப்போம். காலிலே இரண்டு விரல் முன்னோக்கியும் மற்றவை பின்னோக்கியும் இருப்பதால் செங்குத்தான மரத்தைப் பற்றிக்கொள்கிறது. வால் இறகுகள் விறைப்பானவை. அவற்றை மரத்தில் ஊன்றி முக்காலிபோல் நிற்கின்றது. நாக்கோ அதிசயம். அதனைத் தாங்கும் எலும்பு மண்டையோட்டைப் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு வருகின்றது. ஆகவேதான் ஆழ்ந்த துளைக்குள்ளிருக்கும் புழுவையும் அதனால் எட்டமுடிகின்றது. இவ்வளவு வேகமாக மோதியும் தலை கலங்காதது எப்படி? மண்டையிலே பஞ்சுபோன்ற ஏதோ ஒன்று அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றது என்றே பாடத்தில் எங்களுக்குச் சொன்னார்கள். பெல்ஜியத்து அன்ட்வேர்ப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் தலைமையிலே 2022 இல் வெளிவந்த ஆய்வு அதனை மறுத்துவிட்டது. தலை முழுவதும் சுத்தியலைப்போல் ஒரே கட்டியாகவே மோதுகின்றதாம். மூளை மிகச் சிறியதாதலால் அந்த அடி அதனைத் தாக்குவதில்லை. சுத்தியலுக்கு மெத்தை கட்டினால் ஆணி இறங்குமா என்று எங்கள் தோட்டத்துத் தச்சரே கேட்டிருப்பார்.

இப்பொழுது விறகுக்கு வருகின்றோம்.

2022 ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய்க்கு விடிய விடிய வரிசை. எங்கள் லயத்திலே விறகடுப்பை ஒருபோதும் கைவிடாத பாட்டி ஒருவர் மாத்திரம் கவலையின்றி இருந்தார். ஏனெனில் அவருடைய மரக்கறிப் பாத்திக்கு அப்பால் பட்டுப்போன சவுக்கு மரம் ஒன்று நின்றது. அதனை வெட்டிக்கொள்ள உத்தரவும் வாங்கி வைத்திருந்தார். சித்திரை மாதம், கோடரிக்காரர் வருவதற்கு முதல்நாள், அம்மரத்தின் நடுவிலே வட்டமான துளையொன்றிலிருந்து கருநிற அலகொன்று வெளியே நீண்டதைக் கண்டோம்.

ஓடிப்போய்ச் சொன்னோம். பாட்டி அசையவில்லை.

“அது மரத்தத் திங்கிற குருவி தம்பி. நல்லா நின்ன சவுக்க அதுதான் கொன்னுச்சு.”

“இல்லை பாட்டி. பட்ட மரத்தைத்தான் அது கொத்தும். உள்ளே இருக்கிற வண்டுப் புழுவையும் கறையானையும்தான் தின்னுது.”

“அப்ப அடுப்புல நான் எதப் போடுறது? உங்க குருவியையா?”

இதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. படித்தவர்கள் என்ற பெருமை அந்த இஸ்தோப்பிலே சிறிது சுருங்கிவிட்டது. குருவிக்காகப் பேசுவது எளிது. அந்த விலையைக் கொடுக்கவேண்டியவர் எழுபது வயதுக் கிழவியாயிற்றே. கடைசியில் ஓர் உடன்படிக்கை செய்தோம். குஞ்சுகள் பறக்கும்வரை மரம் நிற்கும். அதுவரை அவருடைய அடுப்புக்கு நாங்கள் பொறுப்பு. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு கட்டிச் சுமந்தோம். தேயிலை மிலாறு கட்டின் பாரம் என்ன என்பதை நாங்கள் அன்றுதான் அறிந்தோம். எங்கள் தாய்மாரோ அதனை ஆயுள் முழுவதும் சுமந்தவர்கள்.

ஒரு மாதமளவும் முறைவைத்துக் காவல் செய்தோம். ஆணும் பெண்ணும் மாறி மாறி வந்தன. கொண்டை முழுவதும் சிவந்தது ஆண். முன்னந்தலை கறுத்து வெள்ளைப் புள்ளியிட்டது பெண். மரங்கொத்தி இனங்களிற் பெரும்பாலானவற்றில் இரவிலே அடைகாப்பது ஆண்பறவை என்று படித்துப் பாட்டிக்குச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, “எங்க வீட்டுக் கெழவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கலாம்” என்றார். அதற்குப் பிறகு குருவியைப் பற்றி அவர் குறை கூறியதை நாங்கள் கேட்கவில்லை.

குஞ்சுகள் பறந்ததை நாங்கள் காணவில்லை. அன்று மண்ணெண்ணெய் வரிசையில் நின்றோம். திரும்பி வந்தபோது துளை மௌனமாயிருந்தது. பாட்டி மாத்திரம் பார்த்திருக்கிறார். “ரெண்டு” என்று விரலைக் காட்டினார்.

அதன்பிறகு அவரே மரத்தை வெட்டச் சொல்லவில்லை. ஆடிக் காற்று வெட்டியது. இரவிலே பெருஞ்சத்தத்தோடு முறிந்து அவரைப் பந்தலின்மேல் விழுந்தது. முறிந்த இடம் எது தெரியுமா? சரியாக அந்தத் துளை! மரத்தைக் குருவி கொல்லவில்லை என்று நாங்கள் வாதாடியது சரி. குருவியின் துளை மரத்தைப் பலவீனப்படுத்தியது என்பதும் சரி. லயத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் தகரக் கூரை என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாயிருக்கின்றது. ஆகையால் பட்ட மரமெல்லாம் நிற்கட்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. விழுந்தால் கூரைக்கு எட்டும் மரத்தை வெட்டத்தான் வேண்டும். எட்டாத மரத்தை, துளையிருக்கிறதா என்று அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டு, குஞ்சு பறக்கும்வரை விடலாமே என்பதுதான் எங்கள் விண்ணப்பம். மரங்கொத்தி விட்டுச்சென்ற துளையிலே மைனாவும் கிளியும் குடியேறும். அவை பெரும்பாலும் தாமாகப் புதிதாய்க் குடைவதில்லை.

விழுந்த மரத்தைப் பிளந்து பார்த்தோம். துளை முழங்கை வரை ஆழமிருந்தது. புல்லில்லை, பஞ்சில்லை, அடியிலே மரச்சிராய் மாத்திரம் படுக்கையாகக் கிடந்தது. அதனைப் பாட்டி அள்ளிக்கொண்டு போய் அடுப்பு மூட்ட வைத்துக்கொண்டார்.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பீலிக்கரையில் கூடுகின்றோம். தம்பி தங்கையர் வரலாம், கெட்டபோல் வீட்டிலிருக்கட்டும். பெரியோர்களும் வரவேண்டும். பாட்டி தேநீர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். விறகு மாத்திரம் ஆளுக்கொரு துண்டு கொண்டுவரச் சொன்னார்.